பெயிண்டே வேண்டாத ஜன்னல் கதவுக்கு பெயிண்ட் அடித்த கதை

ஷட்டர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, ராத்திரி மளிகைக்கடைக்காரர் கடகடவென்று இழுத்து மூடும் இரும்புத் தகடுதான். அமெரிக்காவில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு. ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வீடு, ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு பக்கமும் காது மாதிரி பச்சையோ கறுப்போ இரண்டு பலகைகள். அதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது பல வீடுகளில் இருப்பவை மூடவே மூடாது! சுவரோடு சேர்த்து முடுக்கி வைத்த வெறும் அலங்காரம்.

ஒரு காலத்தில் அவை நிஜமாகவே வேலை செய்தன. பழைய பிலடெல்பியா வீடுகளில் கீழ்த்தளத்துக்குக் கனமான பலகைக் கதவு, திருடனுக்காக. மாடிக்குச் சாய்ந்த சட்டங்கள் வைத்த கதவு, காற்றுக்காக. பெயிண்ட் என்பது ஆளிவிதை எண்ணெயும் ஈயமும் கலந்தது. பச்சை வேண்டுமென்றால் செம்புத் தகட்டை வினிகர் ஆவியில் வைத்து, அதில் பூக்கும் களிம்பைச் சுரண்டிச் சேர்ப்பார்கள். 1842ல் அமெரிக்கா போன சார்லஸ் டிக்கன்ஸ்கூட அந்த வெள்ளை வீடுகளையும் பச்சைக் கதவுகளையும் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். என்ன, மரம் மரம்தான். மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏசி வந்தது, கதவை மூடும் தேவை போனது. ஆனால் அது இல்லாவிட்டால் வீடு மொட்டையாகத் தெரிகிறதே! அங்கேதான் வினைல் நுழைந்தது. வினைல் வேறொன்றுமில்லை, நம் மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் இருக்கும் அதே பிவிசிதான். 1872ல் ஜெர்மானிய வேதியியலாளர் யூஜென் பௌமன், வினைல் குளோரைடு வாயு இருந்த கண்ணாடிக் குடுவை வெயிலில் இருந்தபோது உள்ளே வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டார். யாருக்கும் அதனால் உபயோகம் தெரியவில்லை. 1926ல் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியின் வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டப் பசை தேடப்போய், இதை வளையும் பொருளாக மாற்றிவிட்டார். 1950களின் கடைசியில் வீட்டுச் சுவருக்கு வினைல் பலகைகள் வந்தன, ஜன்னல் கதவுகளும் பின்னாலேயே வந்தன. விற்பனைத் தந்திரம் ஒற்றை வரி: இனி பெயிண்ட் செலவே கிடையாது.

அந்தச் செலவு வேறு யார் கணக்கிலோ எழுதப்பட்டது. 1974 ஜனவரியில், கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் இருந்த குட்ரிச் ஆலையில் மூன்று தொழிலாளர்கள் கல்லீரலில் வரும் மிக அபூர்வமான ஒரு புற்றுநோயால் இறந்ததாகக் கம்பெனியே அறிவித்தது. பிவிசி உருவாகும் கலன்களுக்குள் இறங்கி, ஒட்டிய பிசினைச் சுரண்டும் வேலை அங்கே உண்டு. மூச்சில் போனது வினைல் குளோரைடு வாயு. இத்தாலியில் செசாரே மால்டோனி எலிகளிடம் செய்த சோதனையில் இதே நோய் தெரிந்திருந்தது. அந்தச் செய்தி 1973லேயே அமெரிக்கக் கம்பெனிகளின் கைக்கும் வந்திருந்தது, வெளியே சொல்லவில்லை. காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருந்த அனுமதியை அரசு 1975ல் 1 பங்காகக் குறைத்தது. தொழிலே அழிந்துவிடும் என்று கம்பெனிகள் அலறின. அழியவில்லை. தப்பிப்போகும் வாயுவைப் பிடித்து மறுபடி உபயோகித்ததில் மிச்சம்தான் ஆனது. (சுவரில் மாட்டிய கதவால் வீட்டுக்காரருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆபத்தெல்லாம் அதைச் செய்கிற இடத்தில்.)

சரி, வெயிலுக்கு வருவோம். வெயிலில் பிறந்த பிளாஸ்டிக், வெயிலாலேயே கெடுகிறது. புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுகளை உடைக்க, மேற்பரப்பு சாக்பீஸ் பொடி மாதிரி உதிரும். வெள்ளையில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருப்பதால் கொஞ்சம் தாங்கும். அடர்பச்சை, கறுப்பு, கருநீலம் எல்லாம் சீக்கிரம் சாம்பல் பூத்துவிடும். பார்த்தால் அந்த நிறங்கள்தான் இந்தக் கதவுகளுக்கே அதிகம் பிடித்தவை!

ஆக, பெயிண்ட் டப்பா திரும்பி வந்தது. ஈய பெயிண்டை 1978ல் அமெரிக்கா வீடுகளுக்குத் தடை செய்துவிட்டது. கைகொடுத்தது 1953ல் ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனி கொண்டுவந்த ரசாயனத்தில் தொடங்கிய, தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயிண்ட். வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அக்ரிலிக் அதோடு சேர்ந்து இழுபடும், எண்ணெய் பெயிண்ட் வெடித்துவிடும். இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய நிறத்தைவிட அடர்த்தியாக அடித்தால் வெப்பத்தை உறிஞ்சிக் கதவு அப்பளமாக வளையும், ஏனென்றால் பிவிசி 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். அதற்காகவே, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் நிறமிகளைச் சேர்த்து, வினைலுக்கென்றே தனி பெயிண்ட் பின்னாளில் வந்தது.

இப்போது அங்கே வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறுகிறார். கதவைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அந்த வெள்ளைப் பொடி போகும்வரை தேய்க்கிறார் (இதைச் செய்யாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்), காயவைத்து, இரண்டு கோட் அடித்து, மறுபடி சுவரிலேயே முடுக்குகிறார். மூடாத கதவுதானே, அடியில் பூட்டுக்கூட வேண்டியதில்லை.