முகத்துவாரம் வெட்டும் காலம்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடற்பக்கம் எழுவான்கரை; வயல் சூழ்ந்த மேற்குப்பக்கம் படுவான்கரை. வாவி கடலோடு கலப்பது பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும். கோடையில் நீர்வரத்துக் குறைந்ததும் அலை மணலைக் கொண்டுவந்து இவ்வாய்களை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகி மணல்மேட்டை உடைக்கும்; உடையாவிட்டால் மனிதர் வெட்டிவிடுவர். வாவியின் வளம் யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு இந்த வெட்டில்தான் தொடங்குகிறது.

மாரியில் தாழ்ந்த வட்டைகளில் வெள்ளம் நின்றால் பெரும்போக வேளாண்மை அழுகும். ஆகவே வயற்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வர். முந்தி வெட்டினால் மீனும் இறாலும் நீரோடு கடலுக்குப் போய்விடும் என்பது மீனவர் முறைப்பாடு. வெட்டாமலே விடுவதும் அவர்களுக்கு நட்டம்தான். கடலில் பொரித்த இறால்குஞ்சு வாவிக்குள் வந்து வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புகிறது. வாய் அடைபட்டுக் கிடந்தால் அடுத்த தலைமுறை உள்ளே வராது. எனவே சண்டை வெட்டுவதா வேண்டாமா என்பதல்ல, எப்போது என்பதே. மாரியில் வயலும் மற்றக் காலத்தில் தோணியுமாகப் பிழைக்கும் குடும்பங்களில் இந்தச் சண்டை ஒரே வீட்டுக்குள்ளும் நடக்கும்.

அரசு முதலில் கேட்டது வயலின் குரலை. நெல்வயல் நீர்ப்பாசனத்தின் பழைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்த 1856இல் பிரித்தானிய ஆட்சி ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. வட்டைவிதானை கவனித்துவந்த நீர்முறைக்கு அதனால் சட்டத்தின் துணை கிடைத்தது; வாவி மீன்பிடிக்கு அதில் இடமில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தபின், கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றின் நீர் இங்கினியாகலை அணைக்குப் பின்னால் தேங்கியது. இடதுகரை வயல்களின் வடிநீர் வாவியின் தென்பகுதியை நோக்கி வரத் தொடங்கியது. மழையை மட்டும் பார்த்து வாவியின் போக்கைக் கணித்த காலம் அதோடு போயிற்று.

1980களை ஒட்டி உலகச் சந்தையும் வாவிக்கரைக்கு வந்தது. இலங்கையின் வர்த்தக இறால் வளர்ப்பு மட்டக்களப்புப் பகுதியில்தான் தொடங்கியது. குளங்களில் வளர்த்த இறால் ஏற்றுமதிக்கானது. உள்நாட்டுப் போர் அதை முறித்தது. 1987 ஜனவரியில் நடந்த கொக்கட்டிச்சோலைப் படுகொலையில் மகிழடித்தீவு இறால் பண்ணையின் ஊழியர்களும் கொல்லப்பட்டனர். தொழில் புத்தளம் பக்கம் பெயர்ந்தது. அங்கே கண்டற்காடுகளை அழித்துப் பண்ணைகள் நெருக்கமாக எழுந்தன. ஒரு பண்ணை வெளியேற்றிய நீரையே அடுத்த பண்ணை இறைத்தது. 1996இல் வெண்புள்ளி நோய் அவற்றை வாரிக்கொண்டுபோனது. மட்டக்களப்பு வாவி அந்தக் கேட்டுக்குத் தப்பியது முன்யோசனையால் அல்ல. தப்பிய விதமோ பண்ணை நட்டத்தைவிடக் கொடியது.

அதே 1996இல்தான் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் வந்தது. நீர்நிலைகளை முகாமைத்துவப் பகுதிகளாக அறிவிக்கவும் மீனவர் குழுக்களை அமைக்கவும் அது வழி செய்தது. நெல்வயலுக்கு 1856இலேயே கிடைத்த இடம் மீனவருக்குக் கிடைக்க 140 ஆண்டு சென்றது. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலைகளோ இன்றும் வாவியில் இறங்குகின்றன.

முகத்துவாரம் வெட்டும் முடிவு இப்போது மாவட்டச் செயலகத்தில் எடுக்கப்படுகிறது. நீர்ப்பாசனத் திணைக்களமும் விவசாய அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் அதில் பேசுகின்றன. ஆட்கள் மண்வெட்டியால் வெட்டிய மணலை இன்று பெக்கோ இயந்திரம் அள்ளுகிறது.