யார் வீட்டுத் திண்ணையில் தபாலாபீஸ்?

கிராமத்துத் தபாலாபீஸ் என்றதும் சிவப்புப் பெட்டி, காக்கிச் சட்டை, சைக்கிள் மணி என்று ஓர் இனிய சித்திரம் மனதில் வரும். அந்தப் பெட்டி எந்தத் தெருவில், யார் வீட்டுச் சுவரில் தொங்கியது? அதை நாம்தான் கேட்க வேண்டும்.

1854இல் அரையணாத் தபால்தலை வந்தது. எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம். 1880இல் மணியார்டர், 1882இல் சேமிப்பு வங்கி. காகிதத்தில் சாதி பார்க்காத ஏற்பாடுதான். ஆனால் கிராமங்களில் அரசு கட்டடம் கட்டவில்லை, முழுச் சம்பளமும் தரவில்லை. பள்ளி ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், நிலமுள்ளவர் என்று ஏற்கெனவே வருமானம் இருப்பவரைப் பிடித்து, சிறு படி கொடுத்து, அவர் இடத்திலேயே தபாலாபீஸை நடத்தச் சொன்னது. ஈ.டி. ஊழியர் என்றழைக்கப்பட்டவர்கள் இவர்கள்தான். விடுதலைக்குப் பிறகும் இதே கதை. 1964இல் இவர்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. கிளை போஸ்ட் மாஸ்டராக வேண்டுமென்றால் போதுமான வேறு வருமானம் இருக்க வேண்டும், அலுவலகம் நடத்த இடம் தர வேண்டும் என்பது நியமன நிபந்தனையாக இருந்தது.

நிபந்தனையில் சாதி என்ற சொல்லே கிடையாது. தேவையும் இல்லை. நிலம் யாரிடம் இருந்தது, ஊருக்குள் வீடு யாருக்கு இருந்தது என்பது தெரிந்ததுதானே!

இது வெறும் வேலை விஷயமல்ல. அந்தக் காலத்துக் கிளை போஸ்ட் மாஸ்டர் பலருக்குக் கடிதத்தை வாசித்துச் சொல்பவர், பதில் எழுதித் தருபவர். கோலார் தங்க வயலுக்குப் போன நம் மக்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பினால், அது அவர் கை வழியாகத்தான் சேரிக்கு வரும். தபாலாபீஸ் பண்ணையார் வீட்டிலேயே இருந்தால்? எவ்வளவு பணம் வந்தது என்பது கடன் கொடுத்தவருக்குத்தான் முதலில் தெரியும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்', 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' போன்ற இதழ்கள் தபாலை நம்பித்தான் வெளியூர் வாசகர்களிடம் போயின. அக்கிரகாரத்திலோ ஊர்த்தெருவிலோ இருந்த ஒரு தபாலாபீஸில் அந்த இதழைக் கேட்டு வாங்க எத்தனை துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

1924இல் சென்னை சட்டமன்றத்தில் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை இங்கே வைத்துப் படியுங்கள். பொதுச் சாலை, பொதுக்கிணறு, குளம் ஆகியவற்றோடு பொது அலுவலகங்களையும் அதில் சேர்த்தார். தெருவில் நடக்கும் உரிமை இல்லாதவருக்கு அந்தத் தெருவிலுள்ள அலுவலகமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த கள ஆய்வு 2006இல் நூலாக வந்தது. அதன்படி 23.5 சதவீதக் கிராமங்களில் தலித் வீடுகளுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கப்படவில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு வந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் இதுதான் நிலை.

ஈ.டி. ஊழியர்களும் சுரண்டப்பட்டவர்களே, அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் வகிப்பது அரசுக் குடிமைப் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. 2001இல் 'கிராமின் டாக் சேவக்' என்று பெயர் மட்டும் மாறியது. இலாகா ஊழியருக்குச் சமமான சம்பளமோ ஓய்வூதியமோ வரவில்லை.

இப்போது தேர்வு 10ஆம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில், இணைய வழியில் நடக்கிறது, இடஒதுக்கீடும் உண்டு. நம் பிள்ளைகள் போஸ்ட் மாஸ்டராக வருகிறார்கள். ஆனாலும் தேர்வானவரே அந்த ஊரில் அலுவலகத்துக்கு இடம் பிடிக்க வேண்டும், அங்கேயே குடியிருக்கவும் வேண்டும் என்று அறிவிக்கைகள் சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றன. வெளியூரிலிருந்து வரும் ஒரு தலித் பெண்ணுக்கு ஊர்த்தெருவில் யார் வாடகைக்கு இடம் கொடுப்பார்? காலனியில் வைத்தால் ஊரார் அங்கே கணக்குத் தொடங்க வருவார்களா?

உங்கள் ஊர்க் கிளை அஞ்சலகம் இதுவரை எந்தெந்த வீடுகளில் இருந்தது, யார் யார் பொறுப்பில் இருந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நியமன விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்தத் தெரு என்பதைக் குறிக்க மறக்காதீர்கள்.