அடுத்த பயணத்துக்கு யார் பணம் கட்டியது?

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால் பாட்டிகள் அதட்டுவார்கள். "போயிட்டு வரேன்னு சொல்லுடா." கடைத்தெருவுக்குப் போனாலும் சரி, கடல் கடந்து போனாலும் சரி, வாசற்படி இறங்கும்போதே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

உல்லாசக் கப்பல்களில் இதே வேலையைச் செய்வதற்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். பயணம் பாதிகூட முடிந்திருக்காது. அதற்குள் அடுத்த வருஷப் பயணத்துக்கு அங்கே முன்பதிவு செய்துகொள்ளலாம். சின்னத் தொகையை முன்பணமாகக் கட்டினால் போதும், தேதியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இப்போதே பதிவு செய்தால் கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் சலுகைப் பணம் கூடத் தருவார்கள். வியாபாரக் கணக்கு எளிதானது. வீட்டுக்குப் போய் மின்கட்டண ரசீதைப் பார்த்த மனுஷன் இரண்டாவது தடவை கப்பலேற யோசிப்பான். கடல் காற்று முகத்தில் அடிக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் உல்லாசக் கப்பல் புறப்பட ஆரம்பித்தபோது, தமிழர்களுக்கு இதெல்லாம் புதுசு என்கிற மாதிரிப் பேசினார்கள். கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணம் எழுதப்படுவது நமக்குப் புதுசே இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால், காவிரியின் வடகரையில் இருக்கிற தொட்டியம், முசிறி பக்கத்து ஆட்களுக்கு அது நன்றாகத் தெரிந்த விஷயம். அன்றைக்கு முன்பணம் கட்டியவர் வேறு ஆள் என்பதுதான் வித்தியாசம்.

இன்று தொட்டியம் தனி வட்டம். வாழைத்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், மதுரகாளியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் தோளில் தூக்கி ஆடும் பெரிய தேர்கள் என்று செழிப்பான ஊர். அன்றைக்கு இது பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறி வட்டத்தில் அடக்கம். ஆற்றுப் பாசனம் எட்டும் வரைதான் பச்சை. அதைத் தாண்டி வடக்கே துறையூர், பெரம்பலூர் பக்கம் போகப் போக வானம் பார்த்த பூமி. இலங்கை மலையகத்தில் இன்றும் "உங்க பூர்வீகம் எது?" என்று கேட்டால் முசிறி, துறையூர், பெரம்பலூர், நாமக்கல் என்ற பெயர்கள் வரும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்த மண்ணை உலுக்கியது. பஞ்சம் இல்லாத வருஷங்களிலும் பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்த நிலமற்ற சாதியினருக்கு ஊர் ஒன்றும் சொர்க்கமாக இருக்கவில்லை. கடலைத் தாண்டுவது துயரம்தான். ஆனால் சிலருக்கு அதுவே தப்பிக்கிற வழியாகவும் இருந்தது. இதை விட்டுவிட்டு வெறும் கண்ணீர்க் கதையாக இந்த வரலாற்றைச் சொன்னால் அவர்களுக்கு நியாயம் செய்ததாகாது.

ஆரம்பத்தில் போனவர்கள் உண்மையிலேயே போய்விட்டு வந்தவர்கள். இலங்கையில் அப்போது காப்பிக் காலம். காப்பிப்பழம் பறிக்க வருஷத்தில் சில மாதங்கள்தான் ஆள் வேண்டும். கூட்டம் கூட்டமாக ராமேஸ்வரம் பக்கம் நடந்து, தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடப்பார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் பறிப்பு முடிந்ததும் காசை முடிந்துகொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். கொடுமையான பயணம்தான். ஆனாலும் திரும்புவது அந்த வேலையின் கணக்கிலேயே இருந்தது.

அந்தக் கணக்கை மாற்றியது ஒரு பூஞ்சை. 1869இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் காப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். வந்துபோகிற ஆள் தோட்டத்துக்குப் போதவில்லை, தங்குகிற ஆள் தேவைப்பட்டது. அதுவும் குடும்பத்தோடு.

இந்த இடத்தில்தான் திருச்சி நேரடியாகக் கதைக்குள் வருகிறது. 1904இல் இலங்கைத் தோட்டத் துரைமார்கள் தமிழ்நாட்டில் ஆள் சேர்ப்பதற்காகத் தொழிலாளர் கமிஷன் ஒன்றை அமைத்தார்கள். அதன் தலைமையிடம் திருச்சிராப்பள்ளி. அந்தக் காலத்தில் புழங்கிய கருவிதான் 'டின் டிக்கெட்'. பயணச்சீட்டு என்றால் காகிதம் என்று நினைத்துக்கொள்கிறோம். இது சின்னத் தகரத் தகடு. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறித்திருக்கும். கயிற்றில் கோத்து மாட்டிக்கொள்ளலாம். அந்தத் தகடு இருந்தால் ரயில், சோறு, கப்பல் எதற்கும் காசு தர வேண்டாம். எல்லாம் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கில் எழுதும். கங்காணி அதைத் தொழிலாளியின் தலையில் எழுதுவார்.

கங்காணி யார்? பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சொந்தக்காரர்கூட. தோட்டத்தில் தன் ஆட்களை மேய்ப்பவர். அவர் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ, அத்தனைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. தீபாவளிக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமன்னாரில் கப்பலேறும்போதே அவர் பையில் தோட்டம் கொடுத்த முன்பணமும் தகரத் தகடுகளும் இருக்கின்றன. ஊருக்கு வருகிற பயணத்திலேயே தோட்டத்துக்குப் போகிற அடுத்த பயணமும் முன்பதிவாகிவிட்டது. அவருக்கு மட்டுமல்ல, இன்னும் பெயர்கூடத் தெரியாத இருபது பேருக்கு. உல்லாசக் கப்பலின் அந்த மேசை இதைத்தான் வேறு விதமாகச் செய்கிறது.

அந்த இருபது பேரில் ஒருவரோடு நாமும் கிளம்பிப் பார்க்கலாம். தொட்டியம் பக்கத்து ஆள். அவர் பண்ணையாரிடம் பட்டிருந்த கடனைக் கங்காணி முன்பணத்தில் அடைத்துவிடுகிறார். பரிசலில் காவிரியைத் தாண்டித் தென்கரைக்கு வந்தால் குளித்தலையில் ரயில். திருச்சி வந்து அங்கிருந்து மண்டபம். மண்டபம் முகாமில் சில நாள் தங்கல்: அம்மை குத்துவார்கள், நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு கடல் பயணம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கிளம்பியிருப்பார். போவதற்கு டிக்கெட் இருந்தது. வருவதற்கு?

வருவதற்குக் கடன் அடைய வேண்டும். பண்ணைக் கடன் கங்காணிக் கடனாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதோடு பயணச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் சேரும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தருகிற சீட்டு அது. வாங்குகிற தோட்டம் கடனைக் கட்டிவிட்டு ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது துண்டில் எழுதும் தொகை ஏறியது. தோட்டம் மாற மாற, தொழிலாளியின் தலையில் இருந்த கடன் குறையாமல் வளர்ந்தது. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, ஆள் சேர்த்த செலவைத் தொழிலாளியிடமிருந்து பிடிப்பதும் நின்றது. அதாவது பயணச் செலவு பயணியின் கடன் அல்ல என்று சட்டம் ஒப்புக்கொள்ளவே அத்தனை காலம் ஆனது.

இலங்கை பக்கத்துத் தீவு. தூரத்துக்குப் போனவர்களுக்கு இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பி, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் போன 342 பேர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள். அவர்கள் ஒப்பந்தத்தில் ஊர் திரும்ப இலவசக் கப்பல் என்று ஒரு வாக்குறுதி இருந்தது. பத்து வருஷம் அந்த நாட்டில் இருந்துவிட்டால் திரும்பிப் போகும் செலவு அரசாங்கத்துடையது. கிளம்பும்போதே திரும்பும் டிக்கெட் கையெழுத்தாகிவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குக் கூலி வேண்டும், குடிமகன் வேண்டாம். ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டு, கடை வைத்து, போட்டியாக வருவது பிடிக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கப்பலேறு, இல்லையென்றால் மறுபடி கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. இரண்டும் முடியாது, சுதந்திரமாக இங்கேயே இருப்பேன் என்றால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்டு. ஒப்பந்தக் கூலியின் மாதச் சம்பளம் முதல் வருஷத்தில் 10 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக ஆறு மாதச் சம்பளம் வரி! சலுகை காட்டி அடுத்த ஒப்பந்தத்துக்கு இழுப்பது ஒரு வகை. அபராதம் காட்டித் தள்ளுவது இன்னொரு வகை. இந்த வரியும் ஒரு முக்கியக் காரணமாகித்தான் 1913இல் சுரங்கத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனதும் அந்தப் போராட்டத்தில்தான். 1914இல் வரி நீக்கப்பட்டது.

தன் காசில் டிக்கெட் எடுத்தவர்களும் இருந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேல் தளத்திலேயே ஏற்றிச்செல்ல அனுமதி பெற்ற கப்பல் அது. பாயும் டிரங்குப்பெட்டியுமாகப் படுத்துக்கிடந்த அந்தக் கூட்டத்தில் கடைக்காரர்கள் உண்டு, வட்டிக்கடைக் கணக்கர்கள் உண்டு, பெண் பார்க்க ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் என்று திட்டம் போட்டு வாழ அவர்களால் முடிந்தது. காரணம், அடுத்த பயணத்தின் தேதி அவர்கள் கையில் இருந்தது. ஒரே கடல்தான், தூரம் இன்னும் அதிகம்தான். பலருக்கு அது பிரிவாக இல்லாமல் போக்குவரத்தாகவே இருந்தது. ரஜூலாவுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழியும் முடிந்தது.

தொட்டியத்துக்காரர் தலைமன்னாரில் இறங்கி விட்ட இடத்துக்கு வருவோம். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்கு உடலுழைப்புத் தொழிலாளர்கள் போவதைத் தடைசெய்தது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அதையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இவ்வளவு பேருக்குக் கப்பல் பதிவு செய்யப்பட்டது, ஒருவரைக்கூடக் கேட்காமல்.

தோட்டத்து ஸ்டேஷன்களிலிருந்து கிளம்பிய ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய்விட்டதால் இப்போது இறங்குகிற இடம் ராமேஸ்வரம். கையில் தகரத் தகடு இல்லை, குடும்ப அட்டை இருந்தது. இறக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு போன இடம்? அதே மண்டபம் முகாம். பாட்டனுக்கு அம்மை குத்தி அனுப்பிய அதே இடத்தில் பேரன் வரிசையில் நின்றான்.

அரசாங்கம் இதற்கு வைத்த பெயர் தாயகம் திரும்புதல். பாட்டன் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனது உண்மை. ஆனால் வந்தவர் அவரில்லை. முசிறியையோ தொட்டியத்தையோ ஒருநாளும் பார்த்திராதவர்கள் வந்தார்கள். பாட்டன் விட்டுப்போன நிலம் என்று ஒன்று இருந்தால்தானே கேட்க முடியும்? நிலம் இல்லாததால்தானே அவரே போனார். பலர் ஊர்ப்பக்கம் போகாமல் நீலகிரிக்கு ஏறி மறுபடி தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு திரும்பத் தொடங்கியது. போகவரச் சேர்த்தே டிக்கெட் எடுத்துக்கொண்டு, துணிப்பையோடு ஏறுகிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம் உண்டு. அந்தக் கடலில் ஒரு சாதாரணத் தமிழன் தன் திரும்பும் தேதியைத் தானே சொல்லி டிக்கெட் வாங்குவது சின்ன விஷயமல்ல.

ஆனால் ராத்திரி திருச்சி விமான நிலைய வாசலில் போய் நின்று பாருங்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிற பையன்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள்தான். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் வட்டிக்கு வாங்கியது. எந்த மாதம் ஊர் திரும்புவது என்பதை விமான டிக்கெட்டைவிட அந்த வட்டிதான் முடிவுசெய்யும். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா நிற்கிறார். பையன் திரும்பிப் பார்த்து, கையை ஆட்டி, அதே வார்த்தையைத்தான் சொல்கிறான்.

"போயிட்டு வரேன்மா."