மாட்டாஸ்பத்திரிக்கு நாய் வந்த கதை

தென்காசிப் பக்கத்தில் அது மாட்டாஸ்பத்திரிதான். போர்டில் கால்நடை மருந்தகம் என்று எழுதியிருக்கும், அது அரசாங்கத்துக்கு. 1980-களின் கடைசியில் நான் வேலையில் சேர்ந்தபோது வாசலில் நின்றவை பசு, எருமை, ஆடு. நாய் வந்தால் அநேகமாக யாரையாவது கடித்துவிட்டு வந்திருக்கும். பூனையைத் தூக்கிக்கொண்டு வருவோர் அதைவிட அபூர்வம். நாய் மெலிந்து, ஈறு வெளுத்து, தார் மாதிரிக் கறுப்பாகக் கழிந்தால் பிள்ளைகளில் ஒன்றை அனுப்புவார்கள்: "டாக்டரய்யா, அப்பா பூச்சி மருந்து வாங்கிட்டு வரச் சொன்னாவ." நாய் வீட்டில் கிடக்கும். அதன் மலத்தைக் கொண்டுவா என்று சொன்னால் அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்க்கும்.

மலத்தைப் பார்த்து வயிற்றுக்குள் இருக்கும் புழுவைச் சொல்வது அவ்வளவு பழைய வித்தை இல்லை. அதற்கு முன்பு கண்ணுக்குத் தெரிந்ததுதான் சான்று. வாந்தியில் நூல் மாதிரி நெளிந்தால் உருண்டைப்புழு. வாலடியில் அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் நாடாப்புழுவின் துண்டு. அது தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்குவதால் வருவது. நாடாப்புழுவுக்குப் பாக்குத்தூள் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை, 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாய்களும் நம் பாக்கைத் தின்றன. பாக்கிலிருந்து எடுத்த அரிக்கோலின் பிற்பாடு நோய் கண்டுபிடிக்கவே பயன்பட்டது. நாய்க்கு அதைக் கொடுத்துப் பேதியாக்கி, வெளியே வந்ததில் புழு தேடுவார்கள். நாய்க்கும் கஷ்டம், தேடுகிறவனுக்கு அதைவிடக் கஷ்டம்.

கொக்கிப்புழு அப்படிக் கண்ணில் படாது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும்; வெளியே வருவது முட்டைதான். மலத்தில் முட்டையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்று பிரான்சில் தவேன் 1857 வாக்கில் காட்டினார். ஆனால் ஒரு உருண்டை மலத்தில் நாலு முட்டை இருந்தால் நுண்ணோக்கிக்குக் கீழே எங்கே போய்த் தேடுவது? அதற்கு விடை உப்பு. ஆஸ்திரேலியாவில் வில்லிஸ் 1921-ல் எழுதிய முறைக்கு நம் தூத்துக்குடி உப்பே போதும். இனிமேல் கரையாது என்கிற அளவு உப்பைத் தண்ணீரில் கரைத்து, மலத்தைக் கலக்கி, சின்னக் கிண்ணத்தில் விளிம்பு தட்ட ஊற்றி, மேலே கண்ணாடித் துண்டை வைத்துவிட வேண்டும். முட்டை அந்தத் தண்ணீரைவிட இலேசு. கால் மணி நேரத்தில் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஏற்பாடெல்லாம் நாய்க்காக நடந்ததில்லை. கைதிகளுக்கும் தோட்டக் கூலிகளுக்கும் சிப்பாய்களுக்கும் நடந்தது. வேலை செய்கிறவன் சோகை பிடித்துச் சுருண்டால் யாருக்கு நஷ்டம் என்று தெரிந்தவர்கள் செலவு செய்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ஆட்கள் போன இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், மாத்தளைப் பகுதியில் 1916-ல் ராக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு வேலையைத் தொடங்கியது. 1920-களில் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. கென்ட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் அதை நடத்தினார்.

நாய் இந்தக் கதைக்குள் நுழைந்தது சந்தேகத்தின் பேரில். கெய்ரோவிலிருந்த லூஸ் என்பவர் 1911-ல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் குடலில் கிடந்த கொக்கிப்புழுவைப் புதிய இனம் என்று விவரித்து, இலங்கையின் பெயரையே அதற்கு வைத்தார். இரண்டே வருஷத்தில், 1913-ல், கிளேட்டன் லேன் என்ற இராணுவ மருத்துவர் அதே புழுவை வங்காளத்துக் கைதிகளிடம் கண்டார். நாய், பூனைக் குடலில் வாழும் புழு மனிதனிடமும் வாழுமா என்று அடிதடி. அது ஏற்கெனவே தெரிந்த வேறொரு இனம்தான், லூஸ் தப்பாகப் பிரித்துவிட்டார் என்று மற்றவர்கள் தள்ளிவிட, 1951-ல் பியோக்கா என்பவர் திரும்பப் பிரித்துக்காட்டும்வரை ஏறக்குறைய நாற்பது வருஷம் அந்தக் குழப்பம் ஓடியது. லேன் அதற்குள் மலத்தைச் சுழற்றி முட்டை பிரிக்கும் ஒரு முறையையும் செய்துவிட்டார்.

கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சில வருஷம் இருந்த சாண்ட்லர் 1925-ல் அந்த ஊர்ப் பூனைகளின் குடற்புழுக்களைப் பற்றி எழுதினார். அவற்றால் மனிதனுக்கு என்ன வரும் என்பதுதான் அவர் கேள்வி. 1940-ல் மேப்பிள்ஸ்டோனும் பாதுரியும் அதே ஊர் நாய்களைப் பற்றி எழுதியபோதும் கேள்வி அதேதான். சாண்ட்லர் செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வங்காளத்தில் மனித மலம் என்று வந்த மாதிரிகளில் யாருக்கும் தெரியாத ஒரு முட்டையைப் பார்த்தார். புழுவைக் கண்ணால் காணவில்லை. முட்டையை மட்டும் வைத்து 1926-ல் ஓர் இரத்தத் தட்டைப்புழுவுக்குப் பெயர் சூட்டிவிட்டார். ஏழு வருஷம் கழித்து, வேப்பேரி கால்நடைக் கல்லூரியின் அனந்த நாராயண ராவும் ஐயரும் மதராஸ் பன்றிகளின் இரத்தக் குழாய்க்குள் ஒரு புழுவைப் பிடித்து, புதியது என்று வேறு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 1956-ல் முடிவானது. அது நாயிடமும் உண்டு. அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்க முடியாது, கனம். வெறும் தண்ணீரில் கலக்கி அடியில் படியவிட்டு எடுக்க வேண்டும். மிதக்கவிட்டு மட்டும் பார்த்து 'புழு இல்லை' என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

1903-ல் ஆரம்பித்த வேப்பேரிக் கல்லூரியில்தான் நானும் படித்தேன். நாமக்கல் கல்லூரி 1985-ல்தான் வந்தது. அதுவரை இந்த மாநிலத்தில் மாட்டு டாக்டராக வேறு வழி இல்லை. அங்கே ஒட்டுண்ணி வகுப்பில் முட்டைகளை முகம் மாதிரி அடையாளம் வைக்கப் பழக்கினார்கள். கொக்கிப்புழு முட்டை மெல்லிய ஓடு, உள்ளே எட்டுப் பத்துச் செல். நாயின் உருண்டைப்புழு முட்டை தடித்து, மேலெல்லாம் குழி குழியாக. சாட்டைப்புழு முட்டைக்கு இரண்டு முனையிலும் அடைப்பு. சென்னையில் சங்கிலி போட்ட நாய்கள் காரில் வந்தன. அந்தப் படிப்போடு ஊருக்குத் திரும்பினால் சங்கிலியும் இல்லை, நாயும் வரவில்லை.

இத்தனைக்கும் கொக்கிப்புழுவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும், ஆகஸ்ட் வரை மண் காயாது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு. நிழலான ஈர மணலில் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரித்து, ஒரு வாரத்தில் குட்டிப்புழு தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். குற்றாலத்தில் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் சீசன் நாய்கள் கடையோரத்து எச்சில் இலையில் கொழுக்கின்றன. பிரானூர் பார்டரில் புரோட்டாக் கடை நாய்கள் கோழி எலும்பைக்கூடத் தேர்ந்தெடுத்துத்தான் தின்னும். மினுமினு என்று இருப்பதால் அவற்றுக்குப் புழு இல்லை என்று நினைக்கக் கூடாது. நன்றாகத் தின்கிற நாய் புழுவையும் தாங்கிக்கொள்ளும். அது கழித்த மண்ணில்தான் குளித்துவிட்டு ஈரக்காலோடு நடக்கிறோம். குட்டிப்புழு நம் தோலுக்குள் ஊர்ந்து சிவப்புக் கோடு கோடாக அரித்தால், பூரான் கடித்தது என்று மஞ்சள் பூசுவோம்.

சோதனை ஏன் இங்கே வேர் பிடிக்கவில்லை என்றால், மருந்து மலிவாகிவிட்டது. அமெரிக்காவில் மாரிஸ் ஹால் 1921-ல் கார்பன் டெட்ராகுளோரைடை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து, கொக்கிப்புழு செத்து விழுகிறது என்றார். உடனே அது உலகமெங்கும் இலட்சக்கணக்கான மனிதர்களுக்குப் போனது. கல்லீரலைக் கெடுக்கும் மருந்து. அதனால் யாருக்குப் புழு இருக்கிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு பைப்பரசின், பைரண்டல், பென்பெண்டசோல் என்று சாதுவான மருந்துகள் வந்தபின் பார்ப்பது எதற்கு என்றாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை, கணக்கு முடிந்தது. இரண்டு ரூபாய் உப்பில் தெரிந்துகொள்ள வேண்டியதை ஐம்பது ரூபாய் மாத்திரையால் ஊகிக்கிறோம் என்று நான் சொன்னால் மருந்துக் கடைக்காரர் சிரிப்பார். எந்தப் புழு என்று தெரியாமல் கொடுத்தால் நாடாப்புழுவுக்குப் பைரண்டல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நாய்க்குட்டிக்கு மட்டும் என் பேச்சு வேறு. கொக்கிப்புழு தாய்ப்பாலிலேயே போய்விடும், உருண்டைப்புழு கருவிலேயே. முட்டை மலத்தில் வருமுன்பே குட்டி இரத்தம் இழந்து சாகலாம். அதனால் இரண்டாவது வாரத்தில் சோதனைக்குக் காத்திராமல் மருந்து. பெரிய நாய்க்கும் பூனைக்கும் பார்த்துவிட்டுக் கொடுப்பதே சரி. 2012-ல் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடைக் கல்லூரி வந்தபின் அதற்கு வேப்பேரிக்கு ஓட வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில் மனிதர், நாய், மண் மூன்றிலும் இருந்த கொக்கிப்புழுக்களை மரபணுவை வைத்துப் பிரித்து 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முட்டையைப் பார்த்து எந்த இனம் என்று சொல்ல முடியாத இடத்தில் அது உதவுகிறது.

சோதனைக்கு மலம் கொண்டுவருகிறவர்கள் காலையில் போட்டதைக் கொண்டுவாருங்கள். தரையில் படாத மேல்பாகமாக, சுண்டுவிரல் நுனியளவு போதும். மூடியுள்ள சின்ன டப்பாவில். நேற்றையதை வெயிலில் வைத்திருந்து கொண்டுவந்தால் முட்டை பொரித்துவிடும், மண்ணிலிருந்து ஏறிய புழுவா குடலில் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. உடனே வர முடியாவிட்டால் ஐஸ்பெட்டியில் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.