விட முடியாத கை

கறண்ட் அடித்த ஒருவரைப் பற்றி ஊரில் சொல்லும்போது "கறண்ட் பிடிச்சு இழுத்திட்டுது" என்பார்கள். சின்ன வயதில் நாங்கள் அதை அப்படியே நம்பியிருந்தோம். கம்பிக்குள் ஏதோ ஒன்று இருந்துகொண்டு ஆளை இழுக்கிறது என்று.

போன செமஸ்டரில் ஒருநாள், பொறியியல் பீடத்து நண்பன் ஒருவனைத் தேடி அவனுடைய மின் ஆய்வுகூடத்துக்குப் போனோம். கலைப்பீடத்துக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், மழைக்கு ஒதுங்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் பாதுகாப்பு அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. ஈரக்கையோடு தொடாதே, தனியே நின்று வேலை செய்யாதே, மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றி வை. அதற்குக் கீழே சின்ன அட்டவணை: 1 மில்லிஅம்பியர் என்றால் உணரலாம், 10 என்றால் கையை விடமுடியாது, 100 என்றால் இதயம்.

"இதை ஆர் அளந்தது?" என்று கேட்டோம்.

"அது புத்தகத்தில இருக்கு மச்சான்" என்றான்.

வரலாறு படிக்கிறவர்களுக்கு இந்தப் பதில் போதாது. கையை விடமுடியாது என்று எழுதவேண்டுமென்றால், யாரோ ஒருவருடைய கை அந்தக் கம்பியைப் பிடித்திருக்கவேண்டும் அல்லவா? தேடத் தொடங்கினோம்.

மின்சாரத்தை ஆராயப்போய் இறந்தவர்களின் கதை பழையது. 1753இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் கேயோர்க் ரிக்மன் என்ற பேராசிரியர், இடிமேகத்தின் மின்னை அளக்கப்போய், தன் அளவுக்கருவிக்குப் பக்கத்திலேயே மின்னல் பாய்ந்து இறந்தார். ஆனால் எவ்வளவு மின்னோட்டம் ஆளைக் கொல்லும் என்ற கேள்வி, தெருக்களுக்கும் வீடுகளுக்கும் மின்கம்பிகள் வந்த பிறகுதான் அவசரமானது. 1899இல் ஜெனீவாவில் பிரெவோ, பற்றெல்லி என்ற இருவர் நாய்களில் பரிசோதித்து, மின்னோட்டம் இதயத்தை ஒழுங்கில்லாமல் துடிக்கவைத்துக் கொல்கிறது என்று கண்டார்கள். நாய்களைப் பற்றித் தெரிந்துவிட்டது. மனிதக் கை?

அதற்கு விடை தேடியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து மின் பொறியியல் பேராசிரியர் சாள்ஸ் டல்சியல். 1940களில் அவர் தன் ஆய்வுகூடத்துக்குத் தொண்டர்களை அழைத்தார். உப்புத் தண்ணீரில் நனைத்த கையால் செப்புக் கம்பியைப் பிடிக்கவேண்டும். மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். "விடு" என்றால் விடவேண்டும். எந்த அளவில் விடமுடியாமல் போகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களின் சராசரி 16 மில்லிஅம்பியர், பெண்களின் சராசரி 10.5.

அங்கேதான் எங்கள் ஊர்ப் பேச்சும் திருந்துகிறது. கறண்ட் யாரையும் இழுப்பதில்லை. முன்கையில் விரலை மடக்கும் தசைகள், விரிக்கும் தசைகளைவிடப் பலமானவை. மின்னோட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கும்போது மடக்கும் தசை வெல்கிறது. பிடித்துக்கொண்டிருப்பது நாங்கள்தான், எங்கள் கை எங்கள் சொல்லைக் கேட்காது, அவ்வளவுதான்.

இந்தப் பரிசோதனையை வாசிக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இன்று பத்துப் பேருக்கு வினாக்கொத்துக் கொடுப்பதற்கே ஒப்புதல் படிவம் கேட்கிறார்கள். ஒரு பேராசிரியர் தன் கம்பியைப் பிடிக்க வரச்சொன்னால் மாட்டேன் என்று சொல்வது ஒரு மாணவருக்கு எவ்வளவு இலகு? ஆனாலும் அந்த வேதனையிலிருந்து வந்த எண்கள் அதற்குப் பிறகு எத்தனையோ பேரைக் காப்பாற்றின. இரண்டையும் சேர்த்தேதான் சொல்லவேண்டியிருக்கிறது.

சராசரியை வைத்துப் பாதுகாப்பு விதி எழுதமுடியாது என்பது டல்சியலுக்குத் தெரியும். சராசரி என்றாலே ஏறத்தாழப் பாதிப்பேர் அதற்குக் கீழே. அதனால் 99.5 வீதமானவர்கள் கையை விடக்கூடிய அளவைக் கணக்கிட்டார்: ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6. குழந்தைகளுக்கு ஆண்களின் அளவில் பாதி, 4.5, என்று மதிப்பிட்டார். இப்போது அந்தச் சுவர் அட்டவணையைத் திரும்பிப் பாருங்கள். 10 என்ற ஒரே எண். அன்று மேசைகளைச் சுற்றி நின்றவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

1961இல் டல்சியல் ஒரு கருவியை உருவாக்கினார். போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், யாருடைய உடம்பு வழியாகவோ நிலத்துக்குப் போகிறது என்று கருதித் துண்டித்துவிடும். அமெரிக்காவில் அது 5 மில்லிஅம்பியர் அளவில் துண்டிக்கிறது. எங்கள் வீடுகளில் ட்ரிப் சுவிச் என்கிறோமே, அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. இங்கே பெரும்பாலும் 30. 30இல் கை இறுகத்தான் செய்யும், நோகத்தான் செய்யும். ஆனால் ஆபத்து அளவில் மட்டுமில்லை, நேரத்திலும் இருக்கிறது. ஒரு செக்கனின் சிறு பங்குக்குள் துண்டித்துவிட்டால் இதயம் தப்பிவிடும்.

ஒன்று மட்டும். ஒரு கை உயிர்க் கம்பியிலும் மறுகை நடுநிலைக் கம்பியிலும் பட்டால், போனது அப்படியே திரும்பி வருகிறது. ட்ரிப் சுவிச்சுக்கு நீங்கள் ஒரு மின்குமிழ் மாதிரித்தான், அது விழாது. இரண்டு கைக்கும் நடுவில் இருப்பது நெஞ்சு. பழைய மின்வேலைக்காரர் ஒரு கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்வது இதனால்தான்.

தனியே நிற்காதே என்ற வரிக்கும் ஒரு ஆய்வுகூடக் கதை இருக்கிறது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கூவன்ஹோவன் என்ற மின் பொறியியலாளர், கம்பியில் அடிபட்டு இறக்கும் தொழிலாளர்களுக்காகப் பல வருடம் ஆராய்ந்தார். 1958இல் அவருடைய ஆய்வுக்குழுவில் இருந்த நிக்கர்பொக்கர் என்ற இளம் மின் பொறியியலாளர், நாயின் நெஞ்சில் கனமான மின்தகடுகளை வைத்து அழுத்தியபோது இரத்த அழுத்தம் கூடுவதைக் கவனித்தார். சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் ஜூட்டும் சேர, 1960இல் மூவரும் அதை வெளியிட்டார்கள். இன்று முதலுதவி வகுப்பில் சொல்லித்தருகிற நெஞ்சை அழுத்துகிற முறை அப்படி வந்ததுதான். ஆனால் அழுத்துவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆள் முதலில் சுவிச்சை நிறுத்தவேண்டும், ஓடிப்போய் ஆளைத் தொடக்கூடாது.

இதையெல்லாம் வாசித்து முடித்த கிழமை நாங்கள் அவரவர் வீட்டில் ட்ரிப் சுவிச்சில் T என்று போட்டிருக்கிற பொத்தானை அழுத்திப் பார்த்தோம். சரியாக வேலை செய்தால் அழுத்தின உடனே விழவேண்டும். ஒரு வீட்டில் விழுந்தது, சீரியல் நின்றதற்கு அம்மம்மா ஏசினா. இன்னொரு வீட்டில் மூன்று தடவை அழுத்தியும் விழவில்லை. அடுத்தநாள் எலெக்றீசியன் வந்து மாற்றிவிட்டுப் போனார்.