கேம்பல் பேயின் மின்சாரம்: கப்பலில் வரும் எண்ணெயும் உச்சிக்கு வரும் கதிரவனும்

1845ஆம் ஆண்டில் ‘கலத்தியா’ என்னும் டென்மார்க் போர்க்கப்பல் தரங்கம்பாடிக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டுவிட்ட அந்நகரை முறைப்படி ஒப்படைப்பது அதன் பணிகளுள் ஒன்று. அங்கிருந்து கல்கத்தா சென்று, 1846இன் தொடக்கத்தில் நிக்கோபார்த் தீவுகளை அடைந்தது. அங்கே அதற்கு இன்னொரு பணி இருந்தது. நீராவிக் கப்பல்களின் காலம் பிறந்திருந்தது. வங்கக் கடலின் நடுவே நிலக்கரி கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. கப்பலில் வந்த புவியியலாளர் ஹின்ரிக் ரிங்க் தீவுகளின் பாறைகளை ஆராய்ந்தார். பயன்படத்தக்க அளவில் நிலக்கரி அகப்படவில்லை. பெரிய நிக்கோபார்த் தீவின் தென்பகுதியில் ஓடும் ஆற்றுக்கும் அது கடலில் கலக்கும் விரிகுடாவுக்கும் அக்கப்பலின் பெயர் மட்டும் நிலைத்தது.

பெரிய நிக்கோபாரின் ஆற்றல் வரலாற்றை இந்தத் தோல்வியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். எரிபொருள் ஏதும் இங்கு மண்ணிலிருந்து எடுக்கப்பட்டதில்லை. எரிக்க வேண்டிய அனைத்தும் கப்பலில் வந்தன; இன்றும் கப்பலிலேயே வருகின்றன.

தீவின் கிழக்குக் கரையிலுள்ள கேம்பல் பே ஒரு குடியேற்ற ஊர். ஷோம்பென் மக்களும் நிக்கோபாரியரும் வாழ்ந்துவந்த இத்தீவில், 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு குடியமர்த்தியது. பஞ்சாப், மகாராஷ்டிரம், ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு எனப் பல மாநிலங்களிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வந்தன. கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று கிழக்குக் கரையோரம் ஊர்கள் எழுந்தன. காடு திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். மின்சாரம் இக்குடியேற்றத்தைத் தொடர்ந்து வந்தது. வந்தது டீசல் மின்சாரம்.

டீசல் பொறியின் இயக்கம் எளிமையானது. உருளைக்குள் காற்று கடுமையாக அழுத்தப்படுகிறது; அழுத்தத்தால் அது பல நூறு பாகை வெப்பமடைகிறது; அவ்வேளையில் தெளிக்கப்படும் எண்ணெய் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இதை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பொறியின் சுழற்சி மின்னாக்கியின் தண்டைச் சுழற்றுகிறது. காந்தம் கம்பிச் சுருளைக் கடந்து சுழலும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மைக்கேல் ஃபாரடே இதைக் கண்டறிந்தது 1831இல். மேட்டூரில் விழும் நீரும், நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரியும், கூடங்குளத்தில் பிளவுறும் யுரேனியமும், முப்பந்தலில் வீசும் காற்றும் முடிவில் செய்வது இதே வேலையைத்தான்: ஒரு தண்டைச் சுழற்றுவது. அதைச் சுழற்ற எதைக் கொண்டுவருவது என்பதே மின்னுற்பத்தி வரலாற்றின் பெரும்பகுதி.

மொழி வரலாற்றிலும் இதற்கொரு கிளைக்கதை உண்டு. ஐரோப்பிய மொழிகள் இவ்வாற்றலுக்குப் பெயரிட்டது, தேய்த்தால் துரும்பை ஈர்க்கும் அம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு. தமிழின் ‘மின்’ வானத்து மின்னலிலிருந்து வந்தது. இந்தியின் ‘பிஜ்லி’யும் அவ்வாறே, வடமொழி ‘வித்யுத்’, பிராகிருதம் வழியே திரிந்த வடிவம் அது. பேச்சுத் தமிழோ இரண்டையும் விட்டு ‘கரண்ட்’ என்று ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தியே பொதுமொழியாய் வழங்கும் குடியேற்ற ஊரில் பிஜ்லியும் கரண்டும் ஒரே தெருவில் புழங்குவதில் வியப்பில்லை. ‘டீசல்’ என்னும் சொல்லின் பயணம் இன்னும் விந்தையானது. ஒரு மனிதரின் குடும்பப் பெயர் எரிபொருளின் பெயராகி, அம்மனிதரை அறியாதவர் வாயிலெல்லாம் வழங்குகிறது. அவர் 1913இல் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் கப்பலிலிருந்து காணாமற்போனார். பின்னர்க் கடலில் உடல் கிடைத்தது.

டீசல் மின்சாரத்தின் கணக்கை ஒரு லிட்டரிலிருந்து தொடங்கலாம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி வெப்ப ஆற்றல் அடங்கியிருக்கிறது. மின்னாக்கி அதிலிருந்து எடுப்பது மூன்றரை முதல் நான்கு அலகு மின்சாரம். எஞ்சியது புகைபோக்கியிலும் குளிர்விப்பானிலும் வெப்பமாய்ப் போகிறது. இந்த லிட்டர் தீவுக்கு வந்துசேர்வதற்குள் பெருநிலத்திலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் கடல் கடக்கிறது. போர்ட் பிளேரிலிருந்தே கேம்பல் பேக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். (போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று, முதலாம் இராசேந்திரனின் கடற்படை தாக்கிய ஸ்ரீவிஜயமும், அவன் வென்றதாகத் தஞ்சைக் கல்வெட்டு கூறும் மாநக்கவாரமும் இன்று ஒரே நிர்வாகப் பகுதியின் பெயர்களில் எதிரொலிக்கின்றன.) பருவமழைக் கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதிக்கும். தீவுகளை இணைக்கும் மின்தொடரமைப்பு கிடையாது. ஒவ்வொரு தீவும் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆக்கும் செலவு கட்டணத்தைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதால் இடைவெளியை ஒன்றிய அரசு நிரப்புகிறது. மீட்டரில் தெரியும் எண்ணுக்கும் உண்மை விலைக்கும் தொடர்பில்லாத நிலை இதனால் உருவாகிவிட்டது.

அந்தமான் தீவுகளில் இந்தச் சங்கிலியிலிருந்து ஒருமுறை விலக முடிந்தது. வடக்கு அந்தமானின் திக்லிபூர் அருகே, சேடில் சிகரத்தில் பிறக்கும் கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையத்தைத் தேசிய நீர்மின் கழகம் 2001இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. பெரிய நிக்கோபாரில் மழைக்குக் குறைவில்லை; ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கலத்தியா, அலெக்சாண்ட்ரா ஆறுகளும் வற்றாதவை. ஆனால் அவை ஓடுவது ஷோம்பென் மக்களின் வாழிடமான மழைக்காட்டின் ஊடே. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2013இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம்பெற்ற காடு அது. அங்கே அணை என்றால் மூழ்குவது எது என்பதை விளக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 இத்தீவின் வரலாற்றை இரண்டாகப் பிளந்த நாள். அன்றைய நிலநடுக்கத்தில் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இந்திரா முனையில் 1972 முதல் எரிந்துவந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்து நின்றது. ஆழிப்பேரலை தென்பகுதிக் குடியேற்ற ஊர்களைத் துடைத்தது. துறைமேடையும் வடக்கு–தெற்குச் சாலையும் சிதைந்தன. எண்ணெய் கடல்வழி வருவதால் கிடங்கும் மின்நிலையமும் கரையோரம் அமைவதே தீவுகளின் இயல்பு. அலை முதலில் தொடும் இடமும் அதுவே. மீட்புப் பணிக்குக் கொண்டுவரப்பட்டவையும் டீசல் மின்னாக்கிகளே. விரைவில் நிறுவ வேறெதுவும் இல்லாத நிலையில் அதைக் குறை கூற இயலாது.

சுழலும் தண்டே தேவைப்படாத மின்சாரம் ஒன்று உண்டு. பிரெஞ்சு இளைஞர் எட்மோன் பெக்கெரல் 1839இல், ஃபாரடேயின் கண்டுபிடிப்புக்கு எட்டே ஆண்டுகளில், ஒளிபட்டால் சில மின்முனைகளில் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். அது பயனுள்ள கருவியாக 115 ஆண்டுகள் பிடித்தன. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கன் சூரிய மின்கலத்தை வெளியிட்டனர். விழும் ஒளியில் 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் தகடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. பாஸ்பரஸ் கலந்த சிலிக்கனும் போரான் கலந்த சிலிக்கனும் சேரும் எல்லையில் நிலையான மின்புலம் ஒன்று உருவாகிறது. ஒளித்துகள் தாக்கி விடுபடும் எலெக்ட்ரானை அப்புலம் ஒரே திசையில் தள்ளுகிறது. கிடைப்பது நேர்மின்னோட்டம், வீட்டுப் பயன்பாட்டுக்கு இன்வெர்ட்டர் அதை மாறுமின்னோட்டமாக்கும்.

கேம்பல் பே ஏழாம் பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட ஐந்து மாதங்கள் உச்சிக்கு வடக்கே சாய்ந்து செல்லும். எனவே தகடுகளைக் கிடைமட்டத்துக்கு நெருக்கமாகவே வைக்கலாம். மழைமேகத்தைக் கழித்துக் கொண்டாலும் இத்தகைய வெப்பமண்டலப் பகுதியில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குத் தோராயமாக மூன்றரை முதல் நான்கு அலகு தரும். மேலே சொன்ன ஒரு லிட்டர் டீசலின் கணக்கும் அதுவே. ஐந்தாறு சதுர மீட்டர் கூரை, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். நினைவில் வைக்க எளிய சமன்பாடு.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. இந்தியாவின் நிலநேரம் 82.5 பாகைக் கிழக்கு நெட்டாங்கின்படி வகுக்கப்பட்டது. கேம்பல் பேயோ ஏறத்தாழ 94 பாகையில் இருக்கிறது. கதிரவன் அங்கே கடிகாரத்துக்கு முக்கால் மணி நேரம் முந்திச் செல்கிறான். உண்மையான நண்பகல் 11.15 மணியளவில் வந்துவிடுகிறது. ஆண்டின் எந்த நாளிலும் மாலை ஆறுக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. கடையும் அலுவலகமும் வீடும் டெல்லியின் கடிகாரத்தில் இயங்க, விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஒருசேர ஓடும் நேரத்தில் கூரைத் தகடுகள் உறங்கிவிட்டிருக்கும். நேர மண்டலம் பற்றிய விவாதம் பெரும்பாலும் அசாமை முன்வைத்தே நடக்கிறது. நிக்கோபார் அதில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

இரண்டாவது சிக்கல் டீசல் பொறியின் குணம். தன் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் எண்ணெய் முழுதும் எரியாமல் உள்ளே கரி படியும். ஆகவே வெயில் எவ்வளவு தந்தாலும், பொறி ஓடும்வரை அதற்கென ஒரு பங்குச் சுமையை விட்டுவைக்க வேண்டும். சிறிய மின்தொடரமைப்பில் ஒரு மேகம் கடந்தாலே சில நொடிகளில் உற்பத்தி சரியும். அந்நொடிகளைத் தாங்க மின்கல அடுக்கு தேவை. போர்ட் பிளேரில் அதைச் செய்தது நெய்வேலி என்பது வரலாற்றின் குறும்பு. பழுப்பு நிலக்கரிக்கென 1956இல் தொடங்கப்பட்ட நிறுவனம், 2016இல் என்எல்சி இந்தியா எனப் பெயர் மாறி, அங்கே 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட் மணி மின்கலச் சேமிப்புடன் அமைத்தது. அதன் முதற்பகுதியான 7 மெகாவாட் 2018 டிசம்பர் 30 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சிறு தீவுகளுக்கு இது எட்டாக்கனி அல்ல. பசிபிக்கில் ஆயிரத்தைந்நூறு பேர்கூட இல்லாத டோக்கெலாவ் தீவுகள் 2012இல் ஏறத்தாழ ஒரு மெகாவாட் தகடுகளாலும் மின்கலங்களாலும் டீசலைப் பெரும்பாலும் விலக்கின. கடலையே நம்பிய முயற்சிகள் அத்தனை எளிதாகக் கைகூடவில்லை. மேற்பரப்பு நீரின் வெப்பத்துக்கும் ஓராயிரம் மீட்டர் ஆழத்துக் குளிருக்கும் இடையிலுள்ள இருபது பாகை வேறுபாட்டைக் கொண்டு மின்னாக்கலாம் என்பது 1881இல் தார்சொன்வால் சொன்ன கருத்து. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் ‘சாகர் சக்தி’ என்னும் மிதவையில் ஒரு மெகாவாட் நிலையத்தை அமைத்துத் தூத்துக்குடிக் கடலில் முயன்றது. ஆழத்திலிருந்து குளிர்நீர் எடுக்கும் நீண்ட குழாயைக் கடலில் இறக்குவதிலேயே அது தோற்றது. கரையை விட்டகன்ற சிறு தொலைவிலேயே கடல் ஆழம் காணும் நிக்கோபாருக்கு இக்கருத்து பொருந்தும்; குழாயை வெல்ல வேண்டும், அவ்வளவே.

கேம்பல் பேக்கு வரவிருக்கும் மின்சாரமோ இவற்றினும் வேறான அளவிலானது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பெரிய நிக்கோபார்த் திட்டம் நான்கு கூறுகளைக் கொண்டது: கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், பன்னாட்டு விமான நிலையம், புதுநகரம், இவற்றுக்கென 450 மெகாவோல்ட் ஆம்பியர் திறனுள்ள எரிவாயு–சூரிய மின்நிலையம். மொத்தப் பரப்பு 166 சதுர கிலோமீட்டர். அதில் காடு 130 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை எண்ணாயிரத்தை ஒட்டியது. ஷோம்பென் மக்கள் 229 பேர். 450 என்னும் எண் அவர்களுக்காகப் போடப்பட்டதல்ல, துறைமுகத்துக்கும் இன்னும் பிறக்காத நகருக்கும் போடப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. ‘எரிவாயு–சூரிய’ என்ற இணைச்சொல்லின் முற்பகுதியையும் கவனிக்க வேண்டும். நிலக்கரி தேடிய கலத்தியாவுக்குக் கிடைக்காததுபோல எரிவாயுவும் இத்தீவின் மண்ணில் எடுக்கப்படுவதன்று. டீசலைப் போல அதுவும் கப்பலில்தான் வர வேண்டும்.

கலத்தியா விரிகுடாவின் மணற்கரை தோணியாமைகள் முட்டையிடும் இடம். அக்கரையிலிருந்த வனவிலங்குக் காப்பகத்தின் அறிவிக்கை 2021 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆமைக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் மணலை விலக்கி வெளிவருகின்றன. ஒளி மிகுந்த அடிவானத்தைக் கடல் என்று கொண்டு அவை ஊர்கின்றன; மின்விளக்கில்லாத கரையில் அந்தக் கணிப்பு பிழைப்பதில்லை. துறைமுகமோ இரவும் பகலும் விளக்கெரியும் இடம்.