பாட்டுக்குப் பின்னால் ஓர் ஆர்மோனியம்

சினிமாப் பாட்டு ஒன்று மனத்தைக் கவர்ந்துவிட்டால், பாடியவர் யார் என்று கேட்கிறோம். நடித்தவர் யார் என்று கேட்கிறோம். தமிழ்ப் பற்று மிகுந்தவர்கள் எழுதியவர் யார் என்றும் கேட்பதுண்டு. ஆர்மோனியத்துடன் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாலாவது மனிதரைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. சங்கீத டைரக்டர் என்று அவருக்குப் பெயர். அப்படிப்பட்டவர்களில் ஒருவரான ஜி. ராமநாதனின் கதை, தமிழ்ப் படங்களில் ராகம் பிழைத்த கதையும் ஆகும்.

1944-ஆம் வருஷத் தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாட்டும் மெட்டும் பாபநாசம் சிவனுடையவை, குரல் எம். கே. தியாகராஜ பாகவதருடையது. ராமநாதனுக்கு வாய்த்தது வாத்திய அமைப்பு. கல்யாணத்தில் பந்தல் போட்டவரின் ஸ்தானம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பந்தல் நன்றாக இருந்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, சரிந்தால்தான் பார்ப்பார்கள்!

படம் வந்த சிறிது காலத்திலேயே இடி விழுந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-இல் விடுதலையாகி வந்தபோது காலம் மாறிக்கொண்டிருந்தது. நடிகரே பாடவேண்டும் என்ற வழக்கம் தளர்ந்து, ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் முறை வேரூன்றியது. வசனம் கொலுவேறத் தொடங்கியது. ஒரு மனிதரின் குரலை நம்பியிருந்த ராகங்களின் கதி என்ன?

ராமநாதனின் பதில் அவருடைய படங்களிலேயே இருக்கிறது. 1950-இல் வந்த ‘மந்திரி குமாரி’ வசனத்துக்குப் பேர்போன படம். அதிலும் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டை ஜனங்கள் மறக்கவில்லை. 1954-இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜி கணேசனுக்காக டி. எம். சௌந்தரராஜன் பாடினார். சௌந்தரராஜனோ பாகவதர் பாணியில் பாடிப் பழகியவர். புதிய முகமும் பழைய வழியில் வந்த குரலும் பால் பழம்போல் சேர்ந்துகொண்டன.

1937-இல் பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ கதையை 1957-இல் மறுபடி எடுத்தார்கள். 1936-இல் அவர் நடித்த சாரங்கதரன் கதையை 1958-இல் எடுத்தார்கள். நாயகன் இரண்டிலும் சிவாஜி. சங்கீதம் இரண்டுக்கும் ராமநாதன். ‘ஹரிதாஸ்’ படத்தில் பாகவதர் பாடிய சாருகேசி தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது அல்லவா? அதே சாருகேசியை ராமநாதன் ‘சாரங்கதரா’வில் சௌந்தரராஜனிடம் கொடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ராகம் ஒன்றுதான், ஆனால் முந்தியதன் நிழல் பிந்தியதன்மேல் விழவில்லை. பதினான்கு வருஷத்தில் நடிகர் மாறினார், பாடகர் மாறினார், ரசிகர்களின் ருசியும் மாறியது. ராகம் மட்டும் குடிமாறாமல் இருந்தது.

அதற்காக அவர் காலத்தோடு மல்லுக்கு நின்றார் என்று நினைக்க வேண்டாம். அதே 1958-இல் ‘உத்தம புத்திர’னுக்காக மேனாட்டுத் தாளத்தில் ஆட்டம் போடவைத்தவரும் அவர்தான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக 1960-இல் கெய்ரோ படவிழாவில் விருது கிடைத்தது. மறு வருஷம் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் பாரதியின் பாடல்களுக்கு இசையமைத்தார். 1963-இல் காலமானார்.

சினிமா மெட்டு என்று மூக்கைச் சுளிக்கும் வித்வான்கள் என்றும் உண்டு. சபா வாசலை மிதித்தறியாத வண்டிக்காரனும் சாருகேசியை முணுமுணுத்துக்கொண்டு போனானே, அது யார் செய்த காரியம்? ராகத்தின் பெயர் அவனுக்குத் தெரியாது. பந்தல் போட்டவரின் பெயரும் தெரியாது. நமக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?